அப்பா வீட்டில இல்ல

முதல் நாள்

மலாக்கா டவுனில் காதர் முதலாளியின் கிராமபோன் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பிளேட்டை உடைத்தேன். பிளேட் என்றால் இசைத்தட்டு. இப்போதுள்ள பிள்ளைகள் சோற்றுத் தட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன். கறுப்பாக, கனமாக இருக்கும். பக்கத்துக்கு மூன்று நிமிஷப் பாட்டு. கை நழுவினால் அப்பளம்தான்.

முதலாளி நாகூர்ப் பக்கத்து மனிதர். உடைந்த துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ பாட்டு விக்க வந்தியா, நொறுக்க வந்தியா?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் வயதுதான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. நம்ம ஆள் என்று நினைத்து நானும் இளித்தேன். அவன் மலாயில் ஏதோ கேட்டான். எனக்கு மலாய் தெரியாது. கப்பலிலிருந்து இறங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் கேள்வியின் கடைசியில் 'அப்பா' என்று காதில் விழுந்தது.

"அப்பா ஊர்ல இருக்காரு. ரைஸ் மில்லு வச்சிருக்காரு" என்றேன்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அட மனுஷா, அவன் ஒன் பேரு என்னன்னு கேக்குறான். மலாயில 'அப்பா'ன்னா 'என்ன'ன்னு அர்த்தம். நாங்க தகப்பன வாப்பாம்போம், அதனால தப்பிச்சோம். நீங்கள்லாம் நல்லா மாட்டிக்கிட்டீங்க."

அவன் பெயர் தாமோதரன். டாமோ என்றால்தான் ஊருக்குத் தெரியும். காஜா பெராங் வட்டாரத்தில், செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துக்காரன். செட்டி என்றதும் வட்டிக்கடை ஞாபகம் வேண்டாம். இவர்கள் வெள்ளைக்காரனுக்கும் முன்னாலேயே வந்து குடியேறியவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். கோயிலில் டாமோ தேவாரம் பாடினால் கண்ணில் தண்ணீர் வரும். பாடியதில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அவனுக்கு முழி பிதுங்கும். இனி அவன் பேசியதை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். அவன் பேசியது மலாய் என்பதை நீங்கள் மறக்காமலிருந்தால் போதும்.

அன்றைக்கு என் அசட்டுத்தனத்துக்கு அவன் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் தொழில் பிறந்தது. பத்து வருஷம் கழித்து அதே அசட்டுத்தனம் என் குடுமியைப் பிடிக்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரக்கு தயாரான விதம்

டாமோ பகலில் அரசாங்க ஆபீசில் கிளார்க். சனி, ஞாயிறு ஜோகெட் என்கிற மலாய் ஆட்ட மேடையில் அக்கார்டியன் வாசிப்பான். ஆபீஸ் விட்டதும் சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வருவான். நான் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வைப்பேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் மலாய், வலப்பக்கம் தமிழ். இரண்டிலும் ஒரே மாதிரி ஒலித்து, அர்த்தம் வேறாக இருக்கிற சொல் அகப்பட்டால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி.

நாசி என்றால் அவனுக்குச் சோறு, எனக்கு மூக்கு. தாலி என்றால் அவனுக்கு ஏதோ ஒரு கயிறு, எனக்கு ஒரே ஒரு கயிறு. பசு என்றால் அவன் வீட்டுப் பூந்தொட்டி. "பசுவுக்குத் தண்ணி ஊத்தினேன், அதுல ரோஜா பூத்துது" என்று ஒரு பாட்டே கட்டினோம். எங்கள் முதல் பாட்டு ஆயா பாட்டு. எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கிறவளை நாம் ஆயா என்போம். ஆயாம் என்றால் மலாயில் கோழி.

ஆயா போனா ஆயாம் வாங்க,
ஆயாம் வந்துச்சு ஆயா எங்க?

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் இல்லை. ஆனால் மேடையில் டாமோ கோழி மாதிரி கழுத்தை வெட்டி வெட்டி வாசிப்பான் பாருங்கள், மலாய்க்காரர், தமிழர், சீனர் எல்லாரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். அப்படி மூன்று பேரையும் ஒரே நொடியில் சிரிக்க வைத்த வேறு எதையும் அந்தக் காலத்தில் நான் பார்க்கவில்லை. ஊர் எங்களுக்கு 'ஆயாம் பிரதர்ஸ்' என்று பெயர் வைத்தது.

பாட்டைச் சோதிக்க இரண்டு பேர் இருந்தார்கள். டாமோவின் அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. காதர் முதலாளிக்கு எல்லாப் பாஷையும் தெரியும், சிரிப்புதான் வராது. அந்த அம்மா அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டே கேட்பார். குழவி நின்றால் அங்கே தேறிவிட்டது என்று அர்த்தம். முதலாளி மூக்கைச் சொறிந்தால் இங்கேயும் தேறிவிட்டது. ஒருவரிடம் மட்டும் தேறிய பாட்டை இரக்கமில்லாமல் கிழித்துப் போடுவோம். பாட்டெழுத வருகிற பிள்ளைகளே, நீங்களும் உங்களை மெச்சாத இரண்டு பேரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தமிழ் வாத்தியார் கடை வாசலில் நின்று, "ஏன் தம்பி தமிழக் கொல்ற?" என்று கத்தினார்.

"கொல்லல சார், கலப்புக் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்" என்றேன்.

மனிதர் கொதித்துப்போய்க் கிளம்பினார். அடுத்த வாரம் வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஆயா பாட்டு பிளேட் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

சிவப்பு விளக்கு

நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த சமயம், சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிக்கார்டிங் ஏஜெண்ட் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் கொண்டுபோன சரக்கு அப்பா பாட்டு. என் முதல் நாள் அசட்டுத்தனத்தை அப்படியே பாட்டாக்கியிருந்தோம். மலாய்த் தபால்காரர் கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து ஒரு தமிழ்ப் பெண் தமிழில் ஏதோ கேட்கிறாள். அவருக்குப் புரியவில்லை. "அப்பா?" என்கிறார், அதாவது "என்ன?" என்கிறார். அவள், "அப்பா வீட்டில இல்ல" என்கிறாள். அவர் மறுபடியும் "அப்பா?" அவள், "அப்பா வேலைக்குப் போயிட்டாரு." "அப்பா?" "அட, அப்பாதான்யா! அப்பா வீட்டில இல்ல!" இப்படியே மூன்று நிமிஷம்.

பெண் குரலுக்கு ஏற்பாடு செய்திருந்த பாடகி வரிகளைப் படித்துப் பார்த்தாள். "இந்தக் கண்றாவியப் பாடவா என்னைக் கூப்ட்டீங்க?" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏஜெண்டுக்கு வேர்த்தது. ரிக்கார்டிங் தொடங்கிச் சிவப்பு விளக்கு எரிந்தால் அறையில் யாரும் இருமக்கூடக் கூடாது. அவசரத்துக்கு நானே தொண்டையை இறுக்கிப் பெண் குரலில் பாடினேன். ஒரே டேக்கில் ஓகே. டாமோ தபால்காரன், நான் வீட்டுக்காரி.

பிளேட் வெளிவந்தது. லேபிளில் லிங்கம் என்கிற என்னையும் டாமோவையும் ஒட்டி 'லிங்கதாமோ' என்று ஒரே ஆளாக அச்சடித்திருந்தார்கள். போகட்டும். அந்த வருஷம் கடைத்தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பெண் குரல்தான். மேடைக்கு மேடை கேட்டார்கள். டாமோ "அப்பா?" என்பான், என் வாய் தானாகத் திறக்கும். சாப்பிடும்போது எவனாவது "அப்பா?" என்றாலும் திறக்கும். நான் அதை அப்போது பெருமையாக நினைத்தேன்.

கேள்வி ஒன்று

சுதந்திரம் வந்தது. கொடி ஏறியது, கடையில் ரேடியோ அலறியது, முதலாளி எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் எனக்குக் கவலை பிடித்தது. டாமோ இந்த மண்ணில் முளைத்தவன். நான் அங்கே பிறந்து இங்கே வந்தவன். குடியுரிமைக் காகிதம் வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும், அதிகாரி முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் மலாய் பேசிக் காட்ட வேண்டும்.

அதே நேரம் அப்பாவிடமிருந்து கடிதம். என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில் மாவில் புரட்டியெடுத்த மாதிரி வெள்ளை வேட்டி, உம்மென்ற முகம். அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. கடிதமும் அப்படித்தான் இருக்கும். "கூத்தடிக்க உன்னைக் கப்பலேற்றவில்லை. அந்த நாடு உன்னை எடுத்துக்கொண்டால் இருந்துகொள். இல்லையென்றால் ஆடிக்கு முன் கிளம்பி வா. மில்லுக்கு ஆள் வேண்டும்."

அவர் பேச்சை மீறியிருக்கலாமே என்பீர்கள். அம்மா போனபின் ஒற்றை ஆளாக என்னை வளர்த்த மனுஷன். எனக்கு அவரிடம் பயம், அவ்வளவுதான். காகிதம் இல்லாமல் போனால் திரும்பி வர விடுவார்களா என்பதும் யாருக்கும் தெரியவில்லை. மில்லில் உட்காருவது கூடப் பெரிய விஷயமில்லை. அங்கே போய் நான் 'ஆயாம்' என்றால் எவன் சிரிப்பான்? என் சரக்கு விலைபோகிற ஒரே ஊர் உலகத்திலேயே இதுதான். 

மாசி மாதம் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. சொங்கோக் தொப்பி போட்ட மலாய் அதிகாரி, நல்ல மனிதர். மனுவில் என் பெயரைப் படித்தார். தலையாட்டினார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"கெர்ஜா அப்பா?"

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். எனக்குப் புரிந்தது, சத்தியமாகப் புரிந்தது. ஆனால் வாய் என்னைக் கேட்கவில்லை. தொண்டை தானாக இறுகியது. அந்த அமைதியான ஆபீசில், அதிகாரியின் முகத்துக்கு நேரே, பெண் குரலில் கீச்சென்று வந்தது:

"அப்பா வீட்டில இல்ல!"

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி பேனாவை மூடினார். அவரைக் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். வேறு எப்படி நினைப்பார்? மூன்று மாதம் கழித்து வா என்று வாசலைக் காட்டினார்.

எல்லாரும் லிங்கம்

கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். டாமோ சிரிக்கவில்லை. பத்து வருஷத்தில் என் அசட்டுத்தனத்துக்கு அவன் சிரிக்காதது அன்றைக்கு மட்டும்தான்.

"அந்தப் பாட்டு ஒன் வாயக் கெடுத்துடுச்சு. இன்னொரு பாட்டாலதான் அதச் சரி பண்ணணும்" என்றான்.

"நீயே போய்ப் பரீட்சை எழுதிட்டு வாயேன்" என்று எரிந்து விழுந்தேன்.

"எனக்குத்தான் பரீட்சையே கெடையாதே" என்று சொல்லி அக்கார்டியனை எடுத்தான். அவனை அன்று அறைந்திருப்பேன். முதலாளி நடுவில் நின்றார்.

அவன் போட்ட மெட்டு குழந்தைக்குக்கூட ஒட்டிக்கொள்ளும். 'அப்பா' என்ற சத்தம் வந்த உடனே ஒழுங்கான மலாய் பதில் வந்து விழுகிற மாதிரி கட்டினோம்.

நாமா அப்பா? நாமா சாயா லிங்கம்.
கெர்ஜா அப்பா? ஜுவால் பிரிங் ஈத்தாம்.
திங்கால் மானா? காஜா பெராங்.

பெயர் என்ன, என் பெயர் லிங்கம். வேலை என்ன, கறுப்புத் தட்டு விற்கிறேன். எங்கே குடியிருக்கிறாய், காஜா பெராங். கறுப்புக்கு 'ஹீத்தாம்' என்று சொல்ல வேண்டும், டாமோ வீட்டில் 'ஹ' வராது. அதனால் பாட்டிலும் வரவில்லை. என் பெயரைப் பாட்டில் போட்டது யார் என்று எங்களுக்குள் கடைசிவரை வழக்கு. இப்போது ஒத்துக்கொள்கிறேன், நான்தான்.

அப்பா பாட்டை மேடையிலிருந்து எடுத்துவிட்டோம். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், அதற்குப் பதில் இதைப் பாடினோம். பிடித்துக்கொண்டது. ஏஜெண்ட் ஓடி வந்து பிளேட் போட்டார். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போனது. இவ்வளவு விற்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். காரணம் எனக்கு அந்த ஆபீஸ் பெஞ்சில்தான் தெரிந்தது.

ஆனி மாதம் இரண்டாவது முறை போனேன். பெஞ்சில் எனக்கு முன்னால் ஆறேழு பேர், எல்லாரும் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்குகிறவர்கள். உதடு அசைகிறது, கால் தாளம் போடுகிறது. உற்றுக் கேட்டேன். என் பாட்டு! எனக்கு நெஞ்சு விம்மியது. முதல் ஆள் உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"நாமா அப்பா?"

"நாமா சாயா லிங்கம்!"

மனுவில் அவர் பெயர் முனியாண்டி. வேலை? கறுப்புத் தட்டு விற்கிறாராம். எங்கே குடியிருப்பு? காஜா பெராங்காம். அதே சொங்கோக் அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். அடுத்தவர் லிங்கம். அதற்கடுத்தவரும் லிங்கம். நடுவில் ஒரு அம்மா, பெயர் பேச்சாயி, கும்பிட்டுவிட்டு அழகாகச் சொன்னார்: "நாமா சாயா லிங்கம்."

 ஆடிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. உள்ளே போய் நான் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னாலும் பாட்டு, பாட்டைச் சொன்னாலும் உண்மை. என் முறை வந்தது. அதிகாரியின் தலை குனிந்தே இருந்தது.

"நாமா அப்பா?"

"லிங்கம், துவான்" என்றேன். துவான் என்றால் ஐயா.

பேனா மேஜையில் விழுந்தது. "லாகி சத்து லிங்கம்!" என்றார். இன்னொரு லிங்கமா என்று அர்த்தம். மேற்கொண்டு அவர் கேட்கவே இல்லை, மனுவை ஓரமாகத் தள்ளப் போனார்.

எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் ஒன்றாக வெளியே கொட்டியது. துவான், நான் நிஜ லிங்கம். பெயரைப் பாருங்கள். நிஜமாகவே கறுப்புத் தட்டு விற்கிறேன். அந்தப் பாட்டைக் கட்டியதே நான்தான். இலக்கணம் எதுவும் கிடையாது, மெட்டும் கிடையாது. அவர் நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"அப்பா வீட்டில் இல்லாத ஆள் நீதானா?" என்று மலாயில் கேட்டார். அந்த நாலு மாதத்தில் யாரோ அவருக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டி விளக்கியிருக்க வேண்டும்.

"நான்தான், துவான்."

"சரி. பாட்டில் இல்லாத கேள்வி ஒன்று. ஊரில் உனக்கு வீடு இருக்கிறது, தொழில் இருக்கிறது. ஏன் இங்கே இருக்க வேண்டும்?"

டாமோ மனப்பாடம் செய்து கொடுத்த பதில் ஒன்று இருந்தது. விசுவாசம், கடமை என்று நீளமாகப் போகும். ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. இருப்பதைச் சொன்னேன்.

"சானா ஓராங் தா கெத்தாவா, துவான்."

அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் ஐயா என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். வெளியே இருந்த பணியாளைக் கூப்பிட்டு, "அடுத்தவனை அனுப்பு. அவனும் லிங்கம் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்" என்றார்.

தட்டு

காகிதத்தைக் கொண்டுபோய் டாமோவின் அம்மா முன்னால் விரித்தேன். குழவி நின்றது. டாமோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத்தன தலமொறையா இருக்கோம், எனக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எவனும் இப்பிடிக் குடுத்ததில்ல" என்றான். நிஜமாகவே பொறாமை. அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுத் தன் வீட்டில்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்தான். கொஞ்ச காலம் அங்கேதான் தொங்கியது.

அதற்கப்புறமும் நாங்கள் வருஷக்கணக்கில் பாட்டுக் கட்டினோம். நான் கற்ற பாடம் இரண்டு. பாட்டில் சொந்தப் பெயரைப் போடாதே. இது சின்னப் பாடம். பெரிய பாடம் தபாலில் வந்தது.

காகிதம் கிடைத்த வாரமே அப்பாவுக்கு எழுதினேன். நாடு என்னை எடுத்துக்கொண்டது, மன்னிக்கவும், நான் வரவில்லை என்று நாலு வரி. வெறும் கடிதமாகப் போக வேண்டாமே என்று அப்பா பாட்டு பிளேட் ஒன்றை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்பினேன். அவரிடம் கிராமபோன் கிடையாது. கேட்பார் என்ற நம்பிக்கையும் கிடையாது. பையன் கூத்தடிக்கவில்லை, ஏதோ செய்திருக்கிறான் என்று கையில் பிடித்துப் பார்க்கட்டும் என்றுதான்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. திட்டு வாங்கத் தயாராகக் கடையின் பின்கட்டில் போய் நின்று பிரித்தேன்.

"சிரஞ்சீவி லிங்கத்துக்கு. தட்டு வந்து சேர்ந்தது. நடுவில் ஓட்டை. சோறு போட்டுப் பார்த்தேன், ரசம் ஒழுகுகிறது. உன் முதலாளியிடம் சொல்லி நல்ல தட்டாக அனுப்பவும். மற்றபடி நலம். அப்பா வீட்டில்தான் இருக்கிறேன்."

கடைசி வரியை நாலைந்து முறை படித்தேன். மில்லை விட்டு நகராத மனுஷன், எங்கேயோ ஒரு வீட்டில் கிராமபோன் தேடிப் போய், உட்கார்ந்து, பிள்ளை பெண் குரலில் கத்தியதை முழுசாகக் கேட்டிருக்கிறார். சோறு போட்டேன், ரசம் ஒழுகியது என்று எழுதியிருக்கிறார். என் அப்பா!

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, சிரிக்கிறியா அழுவுறியா?"

எனக்கே தெரியவில்லை. அங்கே சிரிக்க யாரும் இல்லை என்று அதிகாரியிடம் சொல்லித்தான் அந்தக் காகிதத்தை வாங்கினேன். நான் சொன்னது பொய். ஒருத்தர் இருந்திருக்கிறார்.